கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளிகள்: ரப்பிங் போடுவதற்கு முன்னால்

கேள்வி: மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கறுப்பு நிற செடான், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. கார் துடைக்கிறவர் தினமும் காலையில் போர் தண்ணீரில் துடைக்கிறார். இப்போது பானட், டாப், டிக்கி மூன்றிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். ஈரமாக இருக்கும்போது தெரிவதில்லை, காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகின்றன. ஷாம்பு போட்டும் போகவில்லை. இது போதாதென்று, பேஸ்மென்ட்டின் மேல்தளத்திலிருந்து சொட்டிய தண்ணீர் டாப்பில் சுண்ணாம்பு மாதிரி ஒரு கோடாக உறைந்திருக்கிறது. வாட்டர் வாஷில் "ரப்பிங் போட்டால் போய்விடும்" என்கிறார்கள். ஷோரூமில் பெயின்ட் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் படலம் போடச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு பாட்டில் வெள்ளை வினிகரும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேனும் வாங்குங்கள். உங்கள் புள்ளிகளில் பெரும்பாலானவை அதிலேயே கரைந்துவிட வாய்ப்பு இருக்கிறது. கரையாமல் மிஞ்சுகிறவற்றுக்குத்தான் பாலிஷ். ஏன் இந்த வரிசை என்று சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறேன்.

காரின் தகட்டில் இருப்பது ஒரே பூச்சு இல்லை. துருவைத் தடுக்க மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் பூச்சு அடியில். அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை வரும். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. பளபளப்பு, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து பாதுகாப்பு இரண்டுமே இந்தப் படலத்தை நம்பித்தான் இருக்கின்றன. நகையைப் பாலிஷ் போடும்போது தங்கம் தேய்வது போல, ரப்பிங் போடும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் போகும். மெஷினில் காம்பவுண்ட் என்ற அறுக்கும் பசையை வைத்து ஒரு முறை நன்றாகத் தேய்த்தால் இரண்டு மூன்று மைக்ரான் போவது சாதாரணம். ஒன்றிரண்டு முறை தாங்கும். வருஷத்துக்கு இரண்டு முறை ரப்பிங் என்று பழக்கப்படுத்திவிட்டால், ஏழெட்டு வருஷத்தில் பானட்டும் டாப்பும் தோல் உரிகிற மாதிரி உரியத் தொடங்கும். பிறகு பெயின்டிங்கைத் தவிர வேறு வழி கிடையாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கறை கிளியர் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா? மேலே இருந்தால் கரைத்து எடுக்கலாம். உள்ளே அரித்துவிட்டிருந்தால் அது கறையே இல்லை, பள்ளம். பள்ளத்தை எந்தத் திரவமும் கரைக்காது. சுற்றியிருக்கும் பரப்பைத் தேய்த்து அதன் மட்டத்துக்கு இறக்கத்தான் முடியும்.

உங்கள் வட்டப் புள்ளிகள் போர் தண்ணீரின் வேலை. நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். துளி காய்ந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கால்சியம் கார்பனேட் அங்கேயே நின்றுவிடும். துளியின் ஓரத்தில் அதிகம் சேருவதால்தான் வளையம் வளையமாகத் தெரிகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது. குடிக்கத் தகுதியான தண்ணீரே கார் மேல் புள்ளி போடும் என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பும் சேர்ந்து வரும். உப்பு தண்ணீரிலேயே கரைந்து போகிற ஆள், அது பிரச்சினை இல்லை. கார்பனேட்டோ அமிலத்துக்குத்தான் அசையும், அதனால்தான் உங்கள் ஷாம்பு தோற்றுப்போனது.

இனி செய்முறை. காரை நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வரை காத்திருங்கள். சாயங்காலம் வசதி. முதலில் வழக்கம்போல் ஷாம்பு போட்டுக் கழுவி மண்ணையும் தூசியையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். தூசியோடு துடைத்தால் புள்ளி போய்க் கீறல் வரும். பிறகு வெள்ளை வினிகரும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, புள்ளிகள் மேல் அப்படியே போர்த்திவிடுங்கள். தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிஷம் ஊறட்டும், காய விடக் கூடாது. துணியை எடுத்து மெதுவாக ஒரு திசையில் துடைத்து, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இரண்டடிக்கு இரண்டடி என்று பகுதி பகுதியாகச் செய்யுங்கள். பானட் முழுக்க வினிகர் தெளித்துவிட்டு ஒரு மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினால், நீங்கள் மறுமூலைக்குப் போவதற்குள் அங்கே காய்ந்துவிடும்.

கடையில் கிடைக்கும் வினிகர் சுமார் நாலைந்து சதவீத அசிட்டிக் அமிலம்தான், கிளியர் கோட்டுக்கு இந்த நேரக் கணக்கில் ஆபத்து கிடையாது. ஆனால் குரோம் பட்டை, அலுமினியம், கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றினால் மிச்சமிருக்கும் அமிலம் செத்துவிடும். பிறகு மறுபடி ஷாம்பு. கடைசியாக டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி அலசி, ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். கடைசி அலசலைப் போர் தண்ணீரில் செய்து அப்படியே காய விட்டால், மறுநாள் புதுப் புள்ளிகளோடு நிற்பீர்கள். வீட்டில் ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து வருகிற தண்ணீர் அது, உப்பு இருக்காது. வடிகட்டித் தூசியை நீக்கிவிட்டால் கடைசி அலசலுக்கு அருமையானது.

யூடியூபில் பார்த்துவிட்டுக் கழிவறை கிளீனரை எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புள்ளியைக் கரைக்கும், கூடவே குரோமையும் கறுக்க வைத்து, இடுக்கில் இறங்கித் துருவுக்கும் வழி செய்யும். பல் துலக்கும் பேஸ்ட்டைத் தேய்ப்பது இன்னொரு வைத்தியம். பேஸ்ட் என்பது மென்மையான ரப்பிங் காம்பவுண்ட்தான், எவ்வளவு அறுக்கும் என்று அளவு சொல்ல முடியாத காம்பவுண்ட். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வினிகர் வைத்தியத்தை இரண்டு முறை செய்தும் வளையங்கள் மிஞ்சுகின்றனவா? ராத்திரியில் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு விரலால் தடவுங்கள். வெறும் விரலைவிட நுட்பமாகத் தெரியும். சொரசொரப்பாக மேடு தட்டுப்பட்டால் இன்னும் படிவு இருக்கிறது. சில ஊர்த் தண்ணீரில் சல்பேட்டும் சிலிக்காவும் அதிகம், அவை வினிகருக்கு அசையாது. அதற்கென்று விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர் அல்லது கிளே பார் பயன்படுத்திப் பார்க்கலாம். கிளே பார் என்பது பிசைந்த களிமண் போன்ற ஒரு கட்டி. ஷாம்பு தண்ணீர் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். ஒட்டியிருப்பதை அது பிடுங்கிக்கொள்ளும். கை தவறிக் கீழே விழுந்துவிட்டால் அதோடு அந்தக் கட்டியைத் தூக்கிப் போடுங்கள். ஒட்டிக்கொண்ட மணல் கார் முழுக்கக் கோடு போடும்.

தடவினால் வழவழப்பு, டார்ச்சில் மட்டும் வளையம் தெரிகிறது என்றால் கிளியர் கோட் அரிபட்டிருக்கிறது. இங்கேதான் பாலிஷுக்கு வேலை. அதிலும் முதலில் மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், கையாலேயே, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். அதில் போய்விட்டால் காம்பவுண்ட் பக்கமே போக வேண்டியதில்லை. போகவில்லை என்றால் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் டீட்டெய்லிங் கடைக்கு, அதாவது காரை மெருகேற்றித் தரும் கடைக்குப் போங்கள். "பெயின்ட் எவ்வளவு மைக்ரான் இருக்கிறது, அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். அளந்து காட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். "அதெல்லாம் எதற்கு சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பானட்டின் மடிப்புகள், கதவு விளிம்புகள் எல்லாவற்றிலும் கிளியர் கோட் மெலிதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டாமல் மெஷின் வைத்தால் நிமிஷத்தில் நிறம் வரை இறங்கிவிடும். ஆழமாக இறங்கிய சில வளையங்களை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு நல்ல முடிவுதான். கறுப்பு நிறத்தில் எல்லாம் இரட்டிப்பாகத் தெரியும். இதே வளையம் ஒரு சில்வர் காரில் இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

பேஸ்மென்ட் கோடு வேறு கதை, அதுதான் அவசரமும். காங்கிரீட்டின் விரிசல் வழியே கசிந்து வரும் தண்ணீர் சிமென்ட்டிலிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கடுமையான காரம். சொட்டும்போதே கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்கும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி, பாறை மாதிரி உறைந்துவிடும். போர் தண்ணீர்ப் புள்ளி மாசக்கணக்கில் செய்கிற வேலையை இது நாள் கணக்கில் செய்துவிடும்.

இதற்கும் வினிகர்தான், ஆனால் பொறுமை வேண்டும். நனைத்த துணியை அந்தக் கோட்டின் மேல் மட்டும் வைத்து ஐந்து நிமிஷம், கழுவல், மறுபடி ஐந்து நிமிஷம் என்று ஒவ்வொரு அடுக்காகக் கரைக்க வேண்டும். மெல்லக் குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பிளேடால் சுரண்டவே சுரண்டாதீர்கள். படிவு முழுக்கப் போன பிறகும் அந்த இடத்தில் மங்கலான தடம் தெரிய வாய்ப்பு அதிகம், அதைப் பாலிஷில் பார்த்துக்கொள்ளலாம். முக்கியம், இன்றைக்கே வண்டியை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். இடம் மாற்ற முடியாவிட்டால் கசிவுக்கு நேர் கீழே ஒரு ஃபைபர் ஷீட்டைச் சாய்வாகக் கட்டித் தண்ணீரைச் சுவரோரம் திருப்பிவிடச் சொல்லுங்கள். அசோசியேஷன் கூட்டத்தில் வாட்டர்ப்ரூஃபிங் தீர்மானம் நிறைவேறி, கொட்டேஷன் வாங்கி, ஆள் வந்து சேருவதற்குள் உங்கள் டாப்பில் மூன்று கோடு விழுந்துவிடும்.

செராமிக் கோட்டிங் பற்றி. நல்ல பொருள்தான், நான் எதிரி இல்லை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. இப்போதிருக்கும் புள்ளிகள் மேல் போட்டால் அவற்றைப் பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். சுத்தம் செய்துவிட்டுப் போட்டாலும், அதில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். ஓடி வழிந்துவிட்டால் சரி. பானட், டாப் போன்ற சமதளத்தில் நின்று காய்ந்தால் முத்துக்கு ஒரு புள்ளி. கோட்டிங் இருந்தால் பறவை எச்சத்தையும் பிசினையும் கழுவுவது எளிதாகும், அதற்காகப் போடுகிறேன் என்றால் போடுங்கள். போர் தண்ணீரை மாற்றாமல் போட்டால் காசு வீண்.

உண்மையில் மாற்ற வேண்டியது காலை பக்கெட்டைத்தான். தினமும் துடைப்பதால் கார் சுத்தமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். பல வண்டிகளுக்கு ஒரே பக்கெட், ஒரே பனியன் வேஸ்ட். நாலாவது வண்டிக்கு வரும்போது அந்தத் தண்ணீரில் முதல் மூன்று வண்டியின் மண்ணும் இருக்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கீறல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. கார் துடைக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட தண்ணீர் அது. அவரிடம் பேசி, தினமும் துடைப்பதை வாரம் இரண்டு முறை ஆக்குங்கள். உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும், அரை பக்கெட் ஆர்.ஓ. தண்ணீரும் நீங்களே கொடுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள், குறைத்தால் பழைய பக்கெட் திரும்பி வரும்.

ஆர்.ஓ. என்றதும் ஒரு எச்சரிக்கை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவக் கொடுக்கிற வீடுகள் நிறைய. எண்ணம் நல்லது, ஆனால் நீங்கள் குடிக்காத உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கிறது. குழாயில் வருகிற தண்ணீரைவிட அது மோசம். தரை துடைக்கக் கொடுங்கள், காருக்கு வேண்டாம். குடியிருப்பில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது. மொத்த உப்பு குறையாது, புள்ளி விழும், ஆனால் ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடுகிற புள்ளி.

இதையொட்டி மற்ற கறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றுக்கும் வினிகர் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது அல்லவா. பறவை எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும்போது எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகும். சாயங்காலம் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்தை அச்சு எடுத்துக்கொள்ளும். அதனால் கோடையில் ஒரு பகல் தாண்டவிடாதீர்கள். காய்ந்ததைத் தேய்க்காமல், ஈரமான டிஷ்யூவைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவைத்து அள்ளி எடுங்கள். வேம்பு, முருங்கைப் பிசின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி இளகும். மாம்பால் அப்படி இல்லை, அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி வேண்டும். மா பூக்கும் பருவத்தில் மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடியெல்லாம் பிசுபிசுவென்று ஆகுமே, அது மரத்தின் பிசின் இல்லை. தத்துப்பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைத் திரவம். ஷாம்பு தண்ணீரே போதும், வாரக்கணக்கில் விட்டால்தான் அதன் மேல் கரும்பூசணம் பிடிக்கும்.

தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் தொட்ட துணியை ஒரு நிமிஷம் ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டு எண்ணெயைக் கழுவிவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. தின்னர் கூடவே கூடாது, அதிலும் டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்த பகுதியில் கிளியர் கோட்டையே இளக்கிவிடும். வெள்ளைக் காரில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெயின்ட்டுக்குள் துருப்பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ரயில் பாதை ஓரம், கிரில் பட்டறை அருகில் நிறுத்துகிற வண்டிகளில் இரும்புத் துகள் மேலே ஒட்டித் துருப்பிடிப்பது அது. அயர்ன் ரிமூவர் தெளித்தால் ஊதாவாக மாறி வழிந்து போகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பானட்டில் இவ்வளவு புள்ளி என்றால் முன் கண்ணாடியிலும் இருக்கும், ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் சிதறித் தெரியும். கண்ணாடிக்கும் முதலில் அதே வினிகர். போகாவிட்டால் சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷ் கேட்டு வாங்குங்கள். பெயின்ட்டுக்குப் போடும் காம்பவுண்ட் கண்ணாடியில் பெரிதாக எடுபடாது. கண்ணாடியில் நீங்களே கை பழகிக்கொண்டு, அடுத்த வாரம் பானட்டுக்கு வாருங்கள். கண்ணாடிக்குக் கிளியர் கோட் கிடையாது, தப்பு செய்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.